ஹாட் ஹாட்ச்பேக்: காயலான் கடையிலிருந்து ஏல மேடைக்கு

பின்பக்கக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரை ஹாட்ச்பேக் என்பர். கடைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஏற்ற குடும்பக் கார் அது. அதே உடலில் ஆற்றல் மிகுந்த எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்தி விற்கப்பட்டதே ஹாட் ஹாட்ச்பேக். 1970களில் மேற்கு ஐரோப்பாவில் தோன்றிய இவ்வகைக் கார்கள் 1980களில் இளைஞர்களின் கனவாக இருந்தன. 1990களில் விலை சரிந்து பல கார்கள் காயலான் கடைக்குப் போயின. 2010களில் எஞ்சியவற்றை முதலீடு என்று கருதி வாங்கத் தொடங்கினர். இவற்றை முதலீடாக நினைத்து அன்று யாரும் பாதுகாக்கவில்லை; பிற்காலத்தில் விலை ஏறியதற்கு அதுவே முதற்காரணம்.

தோற்றம்

இவ்வகையில் முதல் கார் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இத்தாலியின் ஆட்டோபியான்கி ஏ112 அபார்த், பிரான்சின் சிம்கா 1100 டிஐ ஆகியவை காலத்தால் முந்தியவை. ஆனால் பெயரை நிலைநாட்டியது ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ என்பதில் ஐயமில்லை. நிறுவனத்தின் முறையான உத்தரவு இல்லாமலே பொறியாளர் சிலர் தொடங்கிய வேலை அது. 1975 செப்டம்பரில் பிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின் 110 குதிரைத்திறன் தந்தது. காரின் எடையோ சுமார் 810 கிலோதான். மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய இதன் விலை 13,850 மார்க். கோல்ஃப் பந்து வடிவில் கியர் குமிழும் கட்டம்போட்ட இருக்கைத் துணியும் வடிவமைப்பாளர் குன்ஹில்ட் லிலியெக்விஸ்ட் தந்தவை. ஒரு குமிழுக்கும் ஒரு துணிக்கும் இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று தோன்றலாம். இன்று ஒரு கார் அசல்தானா என்று பார்க்க வருபவர் முதலில் கண்ணை ஓட்டுவது இந்த இரண்டின்மீதுதான்.

5,000 கார்கள் விற்றால் போதும் என்றுதான் நிறுவனம் கணக்கிட்டிருந்தது. முதல் தலைமுறை மட்டுமே 4,60,000-ஐத் தாண்டியது. ஆகவே கோல்ஃப் ஜிடிஐ பிறக்கும்போது அரிய பொருளாகப் பிறக்கவில்லை. 

பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ முதலில் 1.6 லிட்டர், பின்னர் 1.9 லிட்டர் எஞ்சினோடு விற்கப்பட்டது. ஃபோர்டு நிறுவனம் எஸ்கார்ட் எக்ஸ்ஆர்3ஐ, எஸ்கார்ட் ஆர்எஸ் டர்போ ஆகியவற்றைத் தந்தது. இத்தாலியின் லான்சியா டெல்டா இன்டெக்ராலே உலக ராலிப் பந்தயங்களில் புகழ்பெற்றது; 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டத்தை லான்சியாவே வென்றது. விளையாட்டுக் கார் வாங்க வசதியில்லாத, ஆனால் வேகத்தில் ஆசையுள்ள நடுத்தர வர்க்கத்தினரே இவற்றை வாங்கினர். திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்கும், ஞாயிறன்று வளைந்த கிராமச் சாலைக்கும் ஒரே கார்.

சரிவு

புதிய கார் வாங்கிய நாளிலிருந்தே தேய்மானம் தொடங்குகிறது என்பது பொதுவிதி. ஹாட் ஹாட்ச்பேக்குகளுக்கு அதோடு வேறு இடர்களும் சேர்ந்தன. பிரிட்டனில் 1980களின் இறுதியில் கார்த் திருட்டு பெருகியது. விற்பதற்காக அன்றி, ஓட்டிப் பார்த்து எங்காவது மோதிவிட்டுப் போவதற்காகவே இளைஞர்கள் கார்களைத் திருடினர். வேகமான, எளிய பூட்டுகள் கொண்ட இந்தக் கார்கள் அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தன. இதைத் தடுக்க 1992-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தவணையை உயர்த்தின. காரை வாங்கத் துடித்த வயதினருக்கே காப்பீடு எட்டாக்கனி ஆயிற்று. வாங்குவோர் குறைந்தால் விலை இறங்காமல் என்ன செய்யும்?

திருட்டுக்குத் தப்பியவை விபத்தில் அழிந்தன. பெஜோ 205 ஜிடிஐ இதற்குப் பெயர்போனது. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடியிழக்கும். வால் சுழன்று வெளியே வரும். அனுபவமற்ற பலர் இவ்வாறு வேலியிலும் பள்ளத்திலும் முடித்தனர். மூன்றாவது எதிரி துரு. மழையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மெல்லிய தகட்டை அரித்தன. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையைவிட அதிகமானதால் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு உடலை நசுக்கினர். பிரிட்டிஷ் அரசு 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரை அழிக்கக் கொடுத்தால் புதிய காருக்கு 2,000 பவுண்டு தள்ளுபடி. சந்தையில் ஆயிரம் பவுண்டுகூடப் பெறாத பழைய கார் வைத்திருந்தவருக்கு இது நல்ல விலைதான். 

எண் பலகையின் கதை

முதலீடு என்ற நோக்கில் பார்க்கும்போது ரெனோ கிளியோ வில்லியம்ஸின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1993-இல் ரெனோ தன் கிளியோ காரில் 2 லிட்டர், 16 வால்வு எஞ்சினைப் பொருத்தி, கருநீல உடலும் பொன்னிறச் சக்கரங்களுமாக விற்பனைக்கு விட்டது. ஃபார்முலா 1 பந்தயத்தில் ரெனோ எஞ்சினோடு வென்றுகொண்டிருந்த வில்லியம்ஸ் அணியின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பெயரைத் தவிர அந்த அணிக்கும் இந்தக் காரின் உருவாக்கத்துக்கும் தொடர்பில்லை. வேலை முழுவதும் ரெனோவின் பந்தயப் பிரிவுடையது.

ராலிப் பந்தய விதிகளின்படி குறிப்பிட்ட எண்ணிக்கையில் சாலைக் கார்களை விற்றால்தான் அந்த வகைக் காரைப் பந்தயத்தில் இறக்க முடியும். அதற்காகவே இது குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்படும் என்று அறிவித்தனர். ஒவ்வொரு காரிலும் வரிசை எண் பொறித்த சிறு பலகை பதிக்கப்பட்டது. இவ்வளவுதான் வரும், இனி வராது என்பதே அந்தப் பலகையின் பொருள் என்று வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டனர். கார் நன்றாக விற்றது. நிறுவனம் வில்லியம்ஸ் 2 என்றும், பின்னர் வில்லியம்ஸ் 3 என்றும் அடுத்தடுத்த தொடர்களை வெளியிட்டது. இறுதியில் மொத்த எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. முதல் தொடரை வாங்கியவர்கள் கொதித்தனர். அவர்கள் கோபம் நியாயமானதே. அரிதாக இருக்கும் என்று நம்பிப் பணம் கொடுத்தவருக்கு, அந்த அருமையை எந்நேரமும் கலைக்கும் அதிகாரம் விற்றவர் கையிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்று எண் பலகையுள்ள முதல் தொடருக்கே கூடுதல் மதிப்பு. அந்த நாள் வருவதற்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பலகையின்றி, நான்கு லட்சத்துக்கு மேல் விற்ற கோல்ஃப் ஜிடிஐயும் இடைப்பட்ட காலத்தில் அருமையாகிவிட்டது. அதைச் செய்தவை துருவும் விபத்தும் காயலான் கடையும்.

விலை ஏறிய காலம்

2010-ஐ ஒட்டி நிலைமை மாறியது. 1985-இல் சுவரில் 205 ஜிடிஐ படத்தை ஒட்டி வைத்திருந்த பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருந்தது. வீட்டுக்கடன் குறைந்து, கையில் பணம் புரண்டது. பழைய கார்ச் சந்தையில் இந்தத் தலைமுறைக் கணக்கு முக்கியமானது: இளமையில் வாங்க முடியாததை நடுவயதில் வாங்குகிறார்கள்.

2009 மார்ச்சில் இங்கிலாந்து வங்கி தன் அடிப்படை வட்டியை 0.5 விழுக்காடாகக் குறைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் அது உயரவில்லை. சேமிப்புக் கணக்கில் பணம் தூங்கியது. அதை எடுத்து ஓவியம், கைக்கடிகாரம், பழைய கார் என்று போட்டவர்கள் உண்டு. ஃபெராரி, போர்ஷே போன்றவற்றின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும், அடுத்த படியில் இருந்தவர்கள் ஹாட் ஹாட்ச்பேக் பக்கம் திரும்பினர். பிரிட்டிஷ் வரிச் சட்டமும் உதவியது. தனிநபர் பயணக் காரை விற்று வரும் ஆதாயத்துக்கு அங்கு மூலதன ஆதாய வரி இல்லை. (நட்டம் வந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது என்பதை விளம்பரம் செய்பவர்கள் சொல்வதில்லை.)

மற்றொரு காரணம் புதிய கார்களே. பாதுகாப்பு விதிகளாலும் வசதிகளாலும் இன்றைய கோல்ஃப் ஜிடிஐயின் எடை 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. இலேசான உடலும் நேரடியான ஸ்டீயரிங்கும் வேண்டுபவர் பழையதைத்தான் தேடியாக வேண்டும்.

ஏல நிறுவனங்கள் இவற்றைத் தங்கள் பட்டியலில் சேர்க்கத் தொடங்கின. 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நடந்த ஏலத்தில் 1985-ஆம் ஆண்டின் கருநிற எஸ்கார்ட் ஆர்எஸ் டர்போ ஒன்று, கட்டணங்கள் தவிர, 6,50,000 பவுண்டுக்குப் போனது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. ஆனால் அது இளவரசி டயானா ஓட்டிய கார். அவ்வகைக் கார்கள் வெள்ளை நிறத்தில்தான் வந்தன. காவலர்கள் கேட்டுக்கொண்டதால் இது மட்டும் கருநிறத்தில் தரப்பட்டது. அந்தத் தொகையில் பெரும்பகுதி டயானாவின் பெயருக்குரியது. அதை வைத்துப் பக்கத்து வீட்டு எஸ்கார்ட்டின் விலையைக் கணிப்பது தவறு.

இலாபக் கணக்கு

1976-இல் 13,850 மார்க் கொடுத்து ஒருவர் கோல்ஃப் ஜிடிஐ வாங்கினார் என்று கொள்வோம். யூரோ வந்தபோது நிர்ணயித்த மாற்று விகிதப்படி அது ஏறக்குறைய 7,080 யூரோ. ஜெர்மனியில் அன்று முதல் இன்று வரை விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. எனவே அவர் இன்று 21,000 யூரோவுக்கு விற்றால்தான் போட்ட பணத்தின் மதிப்பு மட்டும் திரும்பக் கிடைக்கும். இதில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காப்பீடு, வரி, கொட்டகை வாடகை, பழுதுபார்ப்பு எதுவும் சேரவில்லை. புதிதாக வாங்கி வைத்திருந்தவருக்கு இலாபம் இல்லை என்றே சொல்லலாம். இலாபம் கண்டவர் 2000-ஐ ஒட்டி, யாரும் சீந்தாத நேரத்தில் சில நூறு, சில ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியவர். அவர்களில் பலர் முதலீட்டாளர்கள் அல்லர். அந்தக் காரின்மீது பித்துப் பிடித்தவர்கள்.

பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். காரை அப்படிப் பூட்ட முடியாது. ஓடாமல் நிற்கும் காரில் பெட்ரோல் கெடுகிறது, ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன, பிரேக் இறுகிக்கொள்கிறது, எரிபொருளை அளந்து செலுத்தும் கருவிகளுக்குள் துரு படிகிறது. டைமிங் பெல்ட்டை ஓடிய தூரத்துக்கு மட்டுமன்றி, கழிந்த ஆண்டுகளுக்கும் கணக்கிட்டு மாற்ற வேண்டும். மாற்றாமல் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துவிடும். சரி, ஓட்டலாம் என்றால் மீட்டரில் ஏறும் ஒவ்வொரு மைலும் ஏல விலையைக் குறைக்கிறது. குறைவாக ஓடிய கார்களுக்கே உயர்ந்த விலை என்பதால், வாங்கியவர் அந்தக் காரின் பயனையே துறக்க வேண்டியிருக்கிறது.

விலை ஏறியதும் போலிகளும் வந்தன. சாதாரண கோல்ஃப் காரில் சிவப்புக் கோடும் ஜிடிஐ சின்னமும் ஒட்டுவது கடினமல்ல. 1.6 லிட்டர் 205-இல் 1.9 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியவையும் உண்டு. ஓட்டிப் பார்க்க அவை நல்ல கார்களாகவே இருக்கலாம். ஆனால் சேகரிப்பாளரின் விலை கிடைக்காது. அதனால் அடிச்சட்ட எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதும், பழைய சர்வீஸ் ரசீதுகளை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்ப்பதும் வாங்குவோரின் முதல் வேலை. ஒரு கட்டுப் பழுப்பேறிய ரசீதுக்குச் சில ஆயிரம் பவுண்டு மதிப்பு உண்டு என்றால் அது மிகையல்ல.

2023 ஆகஸ்டில் அடிப்படை வட்டி 5.25 விழுக்காட்டைத் தொட்டது. பணத்தை வங்கியில் போட்டாலே வருமானம் என்ற நிலை திரும்பியதும் பழைய கார்களின் விலையேற்றம் நின்றது. சிலவற்றின் விலை இறங்கவும் செய்தது. இதற்கு முன்னும் இது நடந்திருக்கிறது. 1988-இல் என்சோ ஃபெராரி இறந்ததை ஒட்டி விண்ணைத் தொட்ட ஃபெராரி விலைகள் 1990-க்குப் பின் நொறுங்கின.

நாற்பது ஆண்டு என்ற எல்லை

பிரிட்டனில் பழைய காரின் மதிப்பை அதன் வயதும் தீர்மானிக்கிறது. நாற்பது ஆண்டு நிறைந்த கார், வரலாற்று வாகனம் என்ற பிரிவில் பதிவாகிச் சாலை வரியிலிருந்து விலக்குப் பெறுகிறது. ஆண்டுத் தகுதிச் சோதனையும், காரில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை, கட்டாயமில்லை. 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் மாநகர் முழுவதும் நடைமுறையில் உள்ள புகைக் கட்டுப்பாட்டுக் கட்டணமும் இப்பிரிவினருக்குக் கிடையாது. 1984-இல் தயாரான முதல் பெஜோ 205 ஜிடிஐ கார்கள் 2025 ஏப்ரலில் இந்த எல்லைக்குள் நுழைந்தன. 1993-இல் தயாரான கிளியோ வில்லியம்ஸ் 2034 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை லண்டனில் வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதன் உரிமையாளர் பொதுவாக 12.50 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும்.