மாத்திரை மாறினால் உதிரப்போக்கு ஏன்? - ஒரு சிறு வரலாறு

இந்த முறை கொஞ்சம் கூச்சப்பட வைக்கும் தலைப்பு. கருத்தடை மாத்திரையை மாற்றியதும் எதிர்பாராத நாளில் வரும் உதிரப்போக்கு பற்றி நம் ஊரில் பெண்களே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நான் பி.காம் மாணவி, டாக்டர் இல்லை. அதனால் வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தாளிகள் வந்து குவிவார்கள். அருவிக் குளியல், குற்றாலநாதர் கோயில் என்று நாள் குறித்ததும், மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்கும் பெண்களும் உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பது நாரெத்திஸ்டிரோன். 1951 அக்டோபரில், மெக்சிகோ நகரத்தில் கார்ல் ஜெராசியின் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் மிராமோந்தஸ் என்ற மாணவர் உருவாக்கிய அதே பொருள்தான்! கருத்தடை மாத்திரையின் கதையும் அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது.

அதன் நெருங்கிய உறவான நாரெத்தினோட்ரெல்லை அமெரிக்காவின் சியர்ல் நிறுவனம் தயாரித்தது. கிரிகரி பிங்கஸ், ஜான் ராக் இருவரும் 1956-ல் அதைப் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். அந்த மாத்திரையில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் துளியளவு கலந்திருந்தது. யாரும் வேண்டுமென்று சேர்த்ததல்ல, தயாரிப்பில் தங்கிவிட்ட கலப்படம். அதைக் குறைத்துச் சுத்தமான மாத்திரை கொடுத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? இடையிடையே உதிரப்போக்கு அதிகமாகிவிட்டது! கருப்பையின் உள்சவ்வு கலையாமல் நிற்க ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கலப்படமாக வந்ததை அளந்து, திரும்பவும் சேர்த்தார்கள்.

மாத்திரை மாறியதும் உதிரம் பட்டால் "என் உடம்புதான் சரியில்லை" என்று நினைக்கும் பெண்கள் இந்தக் கதையை அறிய வேண்டும். மாறியது அளவு. உடம்பு அதற்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பதிலைக் கேட்க ஆள் இல்லை. இது சோதனை என்பதே போர்ட்டோ ரிக்கோ பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சுமார் 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைசுற்றல் போன்ற தொல்லைகள் என்று அங்கிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். பிங்கஸோ அதில் பெரும்பகுதி மனம் செய்யும் வேலை என்று ஒதுக்கினார். 1960-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ரத்தம் உறையும் ஆபத்து தெரிந்த பிறகு, 1969-ல் பிரிட்டன் ஈஸ்ட்ரோஜனை 50 மைக்ரோகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்றது. 1970-ல் அமெரிக்க செனட் விசாரணையில் பெண்கள் எழுந்து நின்று குரல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். மாலா-டி, மாலா-என் அட்டைகளில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு நாளில் வருவது ஹார்மோன் நின்றதால் வரும் உதிரம், இயற்கையான மாதவிலக்கு அல்ல. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத 'சஹேலி' 1991-ல் விற்பனைக்கு வந்தது. அதுவே இப்போது 'சாயா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இதற்கு மாறினால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். 'அந்தரா' ஊசிக்கு மாறினால் திட்டுத்திட்டாகப் படலாம், அடியோடு நின்றும் போகலாம். கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

புது மாத்திரையில் முதல் மூன்று மாதம் லேசாக உதிரம் படுவது சகஜம் என்கிறது மருத்துவம். பயந்துபோய் பாதியில் நிறுத்தினால் கருத்தரிக்க வாய்ப்புண்டு. மாத்திரையை மறந்தாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும் இப்படி ஆகலாம். அதிகமாகப் போனாலோ, மூன்று மாதம் தாண்டியும் நீடித்தாலோ, வயிற்றுவலியோ கர்ப்பச் சந்தேகமோ இருந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

பொருளை விற்பவர் அதன் குணத்தையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று எங்கள் வணிகச் சட்டப் பாடத்தில் படிக்கிறோம். ஒரு மிக்ஸிக்கே கையேடு கேட்டு வாங்குகிறோம். உடம்புக்குள் போகும் மாத்திரைக்குக் கேட்க என்ன கூச்சம், தோழிகளே?