ஆவிக்குரிய வளர்ச்சி யார் பொறுப்பு? ஜெர்மானிய பியட்டிச மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதர் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறார் என்பது லூத்தரன் திருச்சபையின் அடித்தளம். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் நான்காம் பிரிவில் இதையே நிறுவுகிறது. மீட்பு முழுக்க தேவ கிருபை என்றால், விசுவாசி தன் வளர்ச்சிக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு என்ன பொருள்? விரட்டப்பட்ட கிரியைகள் மீண்டும் உள்ளே வந்துவிடாதா? பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் எழுந்த பியட்டிசம் எனும் பக்தி மறுமலர்ச்சி இயக்கத்தின்மீது வைதிக லூத்தரன் இறையியலாளர் இந்தக் குற்றத்தைத்தான் சுமத்தினர்.

இக்கட்டுரையின் வாதம் மூன்று கூறுகள் கொண்டது. வளர்ச்சிக்கான பொறுப்பு விசுவாசியுடையது. அதற்கு வேண்டிய சாதனங்களைக் கைக்கெட்டச் செய்வது சபையின் கடமை. அந்த வளர்ச்சியை அளந்து தீர்ப்பிடும் உரிமை இருவருக்கும் இல்லை. பியட்டிசம் முதல் இரண்டையும் உறுதியாகப் பற்றிக்கொண்டது. மூன்றாவதில் இடறியபோதே சட்டவாதமாயிற்று.

முதல் கூறுக்கான ஆதாரம் லூத்தரன் மரபுக்குள்ளேயே இருக்கிறது. 1577ஆம் ஆண்டின் இணக்க வாக்கியம், மனந்திரும்புதலில் மனிதரின் பங்கு ஏதுமில்லை என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் மறுபிறப்பை ஆவியானவர் தொடங்கியபின், அவருடைய வல்லமையால், மிகுந்த பலவீனத்தோடேனும், விசுவாசி ஒத்துழைக்க முடியும், ஒத்துழைக்கவும் வேண்டும் என்று அதே ஆவணம் ஏற்கிறது. பிலிப்பியர் 2:12–13இல் பவுல் மனிதரின் முயற்சியையும் தேவனின் செயலையும் ஒரே மூச்சில் சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. எனவே பொறுப்பு மீட்புக்கான விலை அல்ல, மீட்கப்பட்டவரின் வாழ்முறை.

இந்த நிலைப்பாட்டுக்கு நடைமுறை வடிவம் தந்தவர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர். பிராங்பர்ட் நகரில் தலைமைப் போதகராக இருந்த அவர், 1670இல் தம் வீட்டில் விசுவாசிகளைக் கூட்டினார். 1675இல் வெளியான ‘பியா டெசிடேரியா’ நூலில் அவர் முன்வைத்த ஆறு ஆலோசனைகளில் முதல் மூன்று கவனத்துக்குரியவை: வேத வசனம் மக்களிடையே பரவலாகப் புழங்க வேண்டும், எல்லா விசுவாசிகளின் ஆசாரியத்துவம் செயலுக்கு வர வேண்டும், கிறிஸ்தவம் அறிவோடு நில்லாமல் நடத்தையாக வேண்டும். போதகரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் போகிறவராக இருந்த விசுவாசி, இங்கே வாசிப்பவராகவும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்பவராகவும் ஆகிறார். பொறுப்பு தனிமனிதருக்கு வருகிறது. ஆனால் அவர் தனித்து விடப்படுவதில்லை.

இரண்டாம் கூறு ஹாலே நகரில் தெளிவு பெற்றது. பியட்டிசப் போதகர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. கார்ல் ஹில்டெப்ராண்ட் வான் கான்ஸ்டைன் 1710இல் அங்கே நிறுவிய வேதாகமக் கழகம், ஏழையும் வாங்கக்கூடிய விலையில் வேதாகமத்தை அச்சிட்டது. ‘நீயே வாசி’ என்று சொல்பவர் புத்தகத்தையும் எழுத்தறிவையும் தந்தாக வேண்டும் என்பதை ஹாலே உணர்ந்திருந்தது.

இதே உணர்வு தமிழ் மண்ணுக்கும் வந்தது. ஹாலேயில் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபின், பள்ளி, மொழிபெயர்ப்பு, அச்சுக்கூடம் மூன்றையும் ஒன்றாகவே நடத்தினார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சேறியது. அதன் விளைவை இராஜநாயக்கன் வாழ்வில் காணலாம். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கரான அவர், அச்சான சுவிசேஷங்களைத் தாமே வாசித்து ஆராய்ந்து, அதன்பின் தரங்கம்பாடி மிஷனரிகளை நாடிவந்து உபதேசியாரானார். சாதனம் சபை தந்தது, தேடல் அவருடையது.

சறுக்கல் மூன்றாம் கூறில் நேர்ந்தது. 1687இல் லூனபர்க்கில் யோவான் 20:31ஐப் பற்றிப் பிரசங்கிக்க ஆயத்தப்பட்ட பிராங்கே, அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டு கலங்கினார். ஜெபத்தில் திடீரென்று நிச்சயம் பெற்றார். அவருக்கு நேர்ந்தது உண்மை. ஆனால் மனப்போராட்டமும், அதைத் தொடர்ந்து நாள் குறிக்கத்தக்க மனந்திரும்புதலும் ஹாலே வட்டத்தில் மெய்க் கிறிஸ்தவரை அறியும் அளவுகோலாகவே மாறின. அங்கே பள்ளியில் பயின்ற சின்சென்டார்ப் பிரபு பின்னாளில் அந்த நிபந்தனையை ஏற்க மறுத்தார். பிராங்பர்ட்டிலோ, கூடுகையின் தொடக்கத்தில் ஸ்பேனருக்குத் துணைநின்ற யோகான் யாக்கோப் ஷூட்ஸ், சபையில் பரிசுத்தம் போதவில்லை என்று திருவிருந்திலிருந்தே விலகினார். முன்னதில் சபை விசுவாசியை அளந்தது. பின்னதில் விசுவாசி சபையை அளந்தார். நோய் ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோஃபர் இக்கேள்வியை மீண்டும் சந்தித்தார். ஹிட்லர் ஆட்சிக்கு இணங்க மறுத்த அறிக்கைச் சபைக்காக 1935 முதல் ஃபின்கன்வால்டேயில் அவர் நடத்திய போதகர் பயிற்சி நிலையத்தில் நாள்தோறும் அரைமணி நேர மௌன தியானம் கட்டாயம். 1936இல் இறையியலாளர் கார்ல் பார்த் இதில் துறவுமடத்தின் வாடை வீசுவதாக ஐயுற்றார். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் பொன்ஹோஃபர் ஒழுங்கை வைத்து எவருடைய விசுவாசத்தையும் தரம் பிரிக்கவில்லை. கெஸ்டபோ 1937இல் நிலையத்தை மூடியபின், சிதறிய மாணவர்கள் தனித்து நிற்க வேண்டியிருந்தது. அதற்கான பலத்தை முன்கூட்டியே ஊட்டுவதே அந்த ஒழுங்கின் நோக்கம். அதே ஆண்டு வெளிவந்த ‘சீடத்துவம்’ நூலில் அவர் சாடிய மலிவான கிருபை, பொறுப்பைக் கழற்றிவிட்ட கிருபையே.

நம் சபைகளில் ‘எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்ற கேள்வி சரளமாகப் புழங்குகிறது. வேதவாசிப்பு அட்டவணையை முடித்தவரைப் பாராட்டும் வழக்கமும் உண்டு. வாசிக்கத் தூண்டுவது சபையின் பணி. சாட்சி சொல்வது விசுவாசியின் உரிமை. ஆனால் தேதி சொல்லத் தெரியாதவரைக் குறைந்தவராக எண்ணும் கணத்தில், ஹாலேயின் சிறப்பை விட்டுவிட்டு அதன் பிழையை மட்டும் நாம் சுமக்கிறோம். ஒருவர் எவ்வளவு வளர்ந்தார் என்று கேட்பதை விட்டு, அவர் வளர நாம் என்ன தந்தோம் என்று சபை தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.