காயம் செய்தது யார்?

தீபாவளிக்கு மாவைத் தேய்த்து, அச்சை அழுத்தி வட்ட வட்டமாகப் பிஸ்கட் வெட்டுகிறோம் அல்லவா? வெட்டி எடுத்த இடத்தில் விளிம்பு பிசகாத ஓட்டை தெரியும். வெப்பக் கடல்களில் பிடிபடும் சூரை மீனிலும், ஏன், திமிங்கிலத்தின் உடலிலும்கூட இப்படியே சதையை அள்ளி எடுத்த வட்டப் பள்ளங்கள் இருந்தன. அகலம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். யாருடைய வேலை இது?

சமோவாத் தீவின் முன்னோர் ஒரு கதை சொன்னார்கள். விரிகுடாவுக்குள் வரும் சூரை மீன்கள், தங்கள் சதையையே தலைவனுக்குக் காணிக்கையாகத் தந்துவிட்டுப் போகின்றனவாம். படித்தவர்களோ கிருமி என்றார்கள், ஒட்டுண்ணி என்றார்கள். அதைவிடக் கதையே அழகு!

வேடிக்கை என்னவென்றால், குற்றவாளி எப்போதோ பிடிபட்டிருந்தான். உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கப்பலில் சென்ற குவா, கெமார் என்னும் இருவர், பிரேசில் பக்கம் கிடைத்த ஒரு சிறு சுறாவை 1824-இல் விவரித்து எழுதினார்கள். திமிங்கில வேட்டைக் கப்பலின் மருத்துவர் பெனட், அதன் உடல் இருட்டில் பச்சை ஒளி வீசுவதை 1840-இல் எழுதினார். பெயர் தெரிந்தது, ஒளியும் தெரிந்தது, தொழில்தான் தெரியவில்லை. இரண்டடிகூட நீளாத மீன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

1971-இல்தான் ஹவாயில் பணியாற்றிய எவெரெட் ஜோன்ஸ், இச்சுறாவின் இரைப்பையில் கிடந்த சதைத் துண்டுகளையும் அந்தப் பள்ளங்களையும் பொருத்திப் பார்த்தார். தடித்த உதட்டால் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். மேற்பற்களால் பிடித்துக்கொண்டு, வாள்போல் அடி சேர்ந்த கீழ்ப்பற்களை இறக்கி, உடலையே சுழற்றும். துண்டு கழன்று வந்துவிடும். பால்மரப் பட்டையை அளவோடு சீவும் கைகளுக்கு இந்த நேர்த்தி புரியும்.

அதே 1970-களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் சில, வேலையை விட்டுத் துறைமுகம் திரும்ப நேர்ந்தது. ஒலியால் துப்பறியும் கருவியை மூடியிருந்த ரப்பர் உறையை ஏதோ கடித்து, உள்ளிருந்த எண்ணெய் கசிந்துவிட்டது. எதிரியின் புதிய ஆயுதமோ என்றுகூட அஞ்சினார்களாம். கடித்தது நம் சுறாதான்! (அந்த உறை நம் தோட்டத்து ரப்பர் அன்று, ஆலையில் செய்த செயற்கை ரப்பர்.) பிறகு கண்ணாடி இழையால் உறை செய்து மூடினார்கள்.

பகலில் 1,000 மீட்டருக்கும் கீழே கிடந்து, இரவில் மேலே வருகிற இதை, கடிக்கும்போது கண்டவர் அரிது. 2009-இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே இரவில் நீந்திய ஒருவரின் காலில் அதே வட்டக் காயம் விழுந்தது. இம்முறை, செய்தது யார் என்று நெடுநாள் தேட வேண்டியிருக்கவில்லை.