கோல்ஃப் கேடி: எளிய வேலை, பெரிய ஊதியம்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, திடல் முழுவதும் அவருடன் நடந்து, ஆட்டம் குறித்து ஆலோசனை கூறுபவர் கேடி எனப்படுகிறார். தமிழ்ப் பேச்சு வழக்கில் போக்கிரியைக் குறிக்கும் "கேடி" என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொழில்முறை விளையாட்டுகளில் "எளிதாகப் பணம் ஈட்டும் வேலைகள்" என்று பட்டியல் இடப்படும்போது கேடியின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. பந்தை அடிக்க வேண்டியதில்லை; தோற்றாலும் பழி ஆட்டக்காரருக்கே; வென்றால் பரிசில் பங்கு உண்டு என்பதே இக்கருத்துக்குக் காரணம். ஆனால் இவ்வேலை நெடுங்காலம் ஏழைகளின் வேலையாகவே இருந்தது. அது பெரும் ஊதியம் தரும் தொழிலாக மாறியது அண்மைக் காலத்தில்தான்.

சொல்லும் தொடக்கமும்

இளையவன் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து "கேடி" என்ற சொல் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், கடிதம் கொண்டு செல்லுதல், பொருள் சுமத்தல் போன்ற ஏவல் வேலைகளைச் செய்தவர்கள் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். அதற்கு முன்பே, 1680களின் தொடக்கத்தில், பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரான யார்க் கோமகனுக்கு லீத் திடலில் மட்டைகளைச் சுமந்த ஆண்ட்ரூ டிக்சன் என்பவரே பெயர் அறியப்பட்ட முதல் கேடி என்று கருதப்படுகிறது.

சுமையாளர்கள் ஆட்டக்காரர்கள் ஆனமை

பணம் படைத்தோரின் ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஏழைச் சிறுவர்களுக்குக் கேடி வேலையால் மட்டுமே கிடைத்தது. அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள கிளென் கார்டன் திடலில் ஒரே காலத்தில் பை சுமந்த இரு சிறுவர்கள் பென் ஹோகனும் பைரன் நெல்சனும் ஆவர். இருவரும் பின்னர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஆயினர். 1913ஆம் ஆண்டு யு.எஸ். ஓபன் போட்டியில் பிரித்தானியாவின் புகழ்பெற்ற வீரர்களை வென்ற 20 வயது பிரான்சிஸ் விமேயும் முன்னாள் கேடியே. அவ்வெற்றியின்போது அவருக்குப் பை சுமந்த எடி லவரிக்கு வயது 10.

இந்தியாவிலும் இவ்வழி இருந்தது. டெல்லியில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார்.

நிற வேற்றுமை

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இந்த வழி எளிதில் திறக்கவில்லை. தென்மாநிலங்களின் திடல்களில் கேடிகளுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆயினும் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதி வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. அவ்விதி 1961இல் நீக்கப்பட்டது. சிறுவயதில் கேடியாக இருந்த சார்லி சிஃபர்ட் அதன் பிறகே முழு உரிமையுடன் ஆட முடிந்தது. அப்போது அவர் வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறும் அகஸ்டா நேஷனல் கழகத்தில், ஆட்டக்காரர்கள் கழகத்தின் கேடிகளையே அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் 1982 வரை நீடித்தது. அக்கேடிகள் அனைவரும் கறுப்பினத்தவர். அங்கே கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் முதன்முதலாக ஆடியது 1975இல்தான். அவர் லீ எல்டர்.

அகஸ்டாவின் சரிவுகளையும், பந்து உருளும் திசையையும் அக்கேடிகள் பல்லாண்டு அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஜாக் நிக்லஸ் அங்கு வென்ற ஆறு பட்டங்களுள் ஐந்தில் அவருடன் நடந்தவர் வில்லி பீட்டர்சன். 1979இல் முதன்முறையாக அங்கு ஆட வந்தே பட்டம் வென்ற ஃபஸி ஸோலர், தம் வெற்றிக்குத் தம் கேடி ஜரையா பியர்டின் வழிகாட்டலே காரணம் என்று வெளிப்படையாகக் கூறினார்.

1982 போட்டியில் மழையால் தடைபட்ட ஆட்டம் மறுநாள் காலை தொடங்கியபோது கேடிகள் சிலர் உரிய நேரத்தில் வரவில்லை. ஆட்டக்காரர்கள் முறையிட்டனர். 1983 முதல் அவரவர் தம் சொந்தக் கேடிகளை அழைத்து வரலாம் என்று விதி மாற்றப்பட்டது. அதன் பின் ஒரு சிலரே கழகக் கேடிகளைத் தொடர்ந்து அமர்த்தினர். அவர்களுள் ஒருவர் பென் கிரென்ஷா. அவருடைய கேடி கார்ல் ஜாக்சன் 1961இல் தம் 14ஆம் வயதிலேயே மாஸ்டர்ஸ் போட்டியில் பை சுமந்தவர். 1995இல் கிரென்ஷா தடுமாறியபோது, பந்தைச் சற்றுப் பின்னே வைத்து நிற்கவும், தோளை இறுக்கமாகத் திருப்பவும் ஜாக்சன் அறிவுறுத்தினார். அவ்வாரம் கிரென்ஷா பட்டம் வென்றார்.

ஊதியம் உயர்ந்த விதம்

1996இல் டைகர் உட்ஸ் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு தொலைக்காட்சி வருவாயும் பரிசுத் தொகையும் வேகமாகப் பெருகின. கேடியின் ஊதியம் பரிசுடன் இணைந்தது. வாரந்தோறும் ஓர் அடிப்படைத் தொகையும், வெற்றி பெற்றால் பரிசில் சுமார் 10 விழுக்காடும், முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் 7 விழுக்காடும், அதற்குக் கீழே 5 விழுக்காடும் தருவது பொது வழக்கம். 2024 மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் பரிசு 36 லட்சம் டாலர். இவ்வழக்கப்படி கணக்கிட்டால் நான்கு நாள் ஆட்டத்துக்குக் கேடியின் பங்கு 3,60,000 டாலர் ஆகும்.

உட்ஸ் வென்ற 15 முதன்மைப் பட்டங்களுள் 13இல் உடன் இருந்தவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் வில்லியம்ஸ். நிக் ஃபால்டோவுக்கு 1990 முதல் பை சுமந்த சுவீடனின் ஃபேனி சூனெசன், ஆண்களின் முதன்மைப் பட்டம் ஒன்றில் வெற்றிபெற்ற முதல் பெண் கேடி ஆவார். கழகங்களின் உள்ளூர் கேடிகள் இருந்த இடத்தில், ஆட்டக்காரருடன் நாடு நாடாகப் பயணிக்கும் தொழில்முறைக் கேடிகள் வந்தனர். பணம் பெருகிய காலத்தில் அகஸ்டாவின் பழைய கேடிகளுள் பெரும்பாலோர் அங்கு இல்லை.

வேலை எளிதா?

சுமார் 20 கிலோ எடையுள்ள பையுடன் ஒரு சுற்றுக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தொலைவு, காற்று, தரையின் சரிவு ஆகியவற்றைக் கணித்துச் சொல்ல வேண்டும். பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், அவற்றை எண்ணிப் பார்ப்பதும் கேடியின் பொறுப்பே.

2001 பிரித்தானிய ஓபன் போட்டியின் இறுதி நாளில் இயன் வூஸ்னம் முன்னணியில் இருந்தோருள் ஒருவராக ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் குழியிலேயே ஓர் அடியைச் சேமித்தார். இரண்டாம் குழியின் தொடக்கத்தில் பையில் 15ஆவது மட்டை இருப்பது தெரியவந்தது. அவருக்கு இரண்டு அடிகள் தண்டனையாகக் கிடைத்தன. முடிவில் அவர் மூன்றாம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். சுற்று தொடங்கும் முன் மட்டைகளை எண்ணியிருந்தால் இத்தண்டனை நேர்ந்திராது.

ஒப்பந்தம் அற்ற பணி

கேடிகளின் ஊதியம் பெரும்பாலும் வழக்கத்தையும் வாய்மொழியையும் சார்ந்தது. ஆட்டக்காரர் எந்நேரமும் கேடியை நீக்கலாம். ஆட்டக்காரர் காயமுற்றால் கேடியின் வருவாயும் நின்றுவிடும்.

2018 நவம்பரில் மெக்சிகோவில் நடந்த போட்டியில் மேட் கூச்சர் 12,96,000 டாலர் பரிசு வென்றார். அவருடைய வழக்கமான கேடி வர இயலாததால் உள்ளூர் கேடி ஒருவர் பை சுமந்தார். அவருக்குக் கிடைத்தது 5,000 டாலர். அதாவது பரிசில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. வெற்றிக்கு முன்பே பேசிக்கொண்ட ஏற்பாட்டை ஒட்டியே அத்தொகை தரப்பட்டது. செய்தி பரவி எதிர்ப்பு எழுந்தது. 2019 பிப்ரவரியில் கூச்சர் மன்னிப்புக் கோரி, மொத்தம் 50,000 டாலராக உயர்த்தித் தந்தார்.

பிஜிஏ டூர் போட்டிகளில் கேடிகள் விளம்பரதாரர் பெயர் பொறித்த மேலாடையை அணிய வேண்டும். அதற்குத் தங்களுக்குப் பணம் தரப்படுவதில்லை என்று 2015இல் கேடிகள் பலர் வழக்குத் தொடுத்தனர். பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டபோதே அவர்கள் அதற்கு இசைந்துவிட்டனர் என்று கூறி, முதன்மைக் கோரிக்கைகளின் தள்ளுபடியை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

மதிப்பீடு

பெருந்தொகை பெறும் கேடிகள் சிலரே. வெற்றிபெறும் ஆட்டக்காரரிடம் பணிபுரிவோருக்கு மட்டுமே அது கிட்டுகிறது. பந்தை அடிக்காமல் பணம் பெறுவதால் இவ்வேலை எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் பீட்டர்சனும் பியர்டும் ஜாக்சனும் அளித்த ஆலோசனை இன்றைய கேடிகளின் ஆலோசனைக்குக் குறைந்தது அன்று. இடையில் மாறியது பரிசின் அளவும், பை சுமக்க அமர்த்தப்படுவோரும் மட்டுமே.