செம்புத் தையல்

1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் ஒரு தினசரிப் பத்திரிகை படகு விற்றது. படகு என்று சொல்வதுகூட மிகை. வெட்டிய பிளைவுட் பலகைகள், செம்புக் கம்பி, கண்ணாடி இழை நாடா, பிசின், செய்முறை விளக்கம் இவ்வளவுதான். வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே அதைப் படகாக்கிக்கொள்ள வேண்டும். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பத்திரிகை டெய்லி மிர்ரர். படகுக்கும் மிர்ரர் என்றே பெயர். பத்திரிகையின் நிறத்தை வைத்துப் பாய்க்குச் சிவப்பு. நீளம் 10 அடி 10 அங்குலம். பிறகு எழுபதாயிரத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்டுவிட்டன. கார் ஷெட்டிலும் கூடத்திலும் கொல்லையிலும் கட்டப்பட்டவை இதில் ஏராளம்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கனவான்களின் பொழுதுபோக்காக இருந்த பாய்மரப் படகோட்டம் தொழிலாளி வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்கிறார்கள் ஒரு சாரார். இதற்குப் பெயர் படகு கட்டுவதா, யாரோ வெட்டிக் கொடுத்ததை ஒட்டுவதுதானே என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே உண்மை என்பதால் இரண்டிலும் எனக்குத் திருப்தியில்லை. கையை விட்டுப் போன திறமை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம். அதை இரு சாராரும் கேட்கவில்லை.

பத்திரிகை படகு விற்பது அப்போது புதிதல்ல. 1956இல் நியூஸ் க்ரானிகிள் என்ற பத்திரிகை எண்டர்ப்ரைஸ் என்ற படகை முன்னிறுத்தியது. விளம்பரத்துக்காக அந்த ரகத்தில் இரண்டை இங்கிலீஷ் கால்வாயின் குறுக்கே இரவில் ஓட்டிக் காட்டினார்கள். 1960இல் பத்திரிகை செத்துப்போயிற்று. படகு இன்றும் ஓடுகிறது. (பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.) எண்டர்ப்ரைஸை வடிவமைத்த ஜாக் ஹோல்ட்தான் மிர்ரரின் வடிவத்துக்கும் பொறுப்பு. 1947இலேயே சிறுவர்கள் ஓட்டுவதற்கென்று கேடட் என்ற பிளைவுட் படகை வரைந்தவர் அவர். மிர்ரரில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த பாரி பக்னெல் படகுக்காரரே இல்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்தவர். பழைய வேலைப்பாட்டுக் கதவுகளின் மேல் ஹார்ட்போர்டை அடித்து மழமழவென்று ஆக்கச் சொன்னவர் என்று பிற்பாடு அவரைத் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆசாரியைக் கூப்பிடக் காசில்லாதவனிடம் உன் கையாலும் முடியும் என்று சொன்னதும் அவர்தான்.

இவர்களுக்கு முன்னால் ஒரு யுத்தம் நடந்திருந்தது. டி ஹாவிலண்ட் கம்பெனியின் மாஸ்க்விட்டோ விமானம் மரத்தால் ஆனது. மேஜை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகள் அதன் பகுதிகளைச் செய்தன. ஈரத்துக்கு விட்டுக்கொடுக்காத செயற்கைப் பசைகளும் நம்பகமான பிளைவுட்டும் அந்த அவசரத்தில் தேறி வந்தவை. குண்டு போடப் பழகிய மரம் சமாதான காலத்தில் ஏரியில் மிதக்க வந்தது. அந்த மரத்தை வைத்து என்ன செய்வது என்று ஹோல்டுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் கையாண்ட முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய முறையில் படகு கட்டுகிறவன் முதலில் எலும்புக்கூட்டையோ அச்சுச் சட்டங்களையோ நிறுத்துகிறான். பலகையை நீராவியில் வாட்டி வளைத்துப் பொருத்துகிறான். அடுத்த பலகை எங்கே ஒடுங்க வேண்டும், எங்கே அகல வேண்டும் என்பதைக் கண் சொல்கிறது. அந்தக் கண் வருவதற்குப் பத்து வருஷமாவது ஆகும். மிர்ரரில் எலும்புக்கூடு முதலில் வருவதில்லை. தட்டையான பலகைகளின் ஓரங்களில் துளைகள். அவற்றில் செம்புக் கம்பியைக் கோத்து, குறட்டால் முறுக்கி, துணியைத் தைப்பது போலப் பலகையோடு பலகையைச் சேர்க்க வேண்டியது. வடிவம் வந்த பிறகு மூட்டுகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசினைப் பூசினால் இறுகிவிடும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் அட்டையில் வெட்டி நூலால் தைத்துப் பார்த்தேன். தரையில் கிடந்தவரை அவை அர்த்தமில்லாத துண்டுகள். ஒன்றின் ஓரம் லேசாக வளைந்திருக்கிறது. அதோடு சேர வேண்டியது வேறு விதமாக வளைந்திருக்கிறது. இரண்டையும் இழுத்துத் தைக்கும்போது, ஒத்துப்போகாத அந்த ஓரங்கள் ஒன்றையொன்று நெருக்க, அட்டைக்கு வேறு வழியில்லாமல் வயிறு தள்ளிக்கொண்டு எழுகிறது. நான் எதையும் வளைக்கவில்லை. வளைவு முன்பே, தட்டையாகக் கிடந்த ஓரத்தின் கோட்டிலேயே இருந்திருக்கிறது. பத்து வருஷத்துக் கண் அந்தக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தைக்கிறவனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. தெரியாமலே படகு வந்துவிடும். கொடையும் இதுதான், திருட்டும் இதுதான்.

இன்னொரு சங்கதி. மிர்ரர் ஒரே வார்ப்புப் படகு. பந்தயத்தில் எல்லாம் சமமாக இருக்க வேண்டுமென்று அளவு விதிகள் உண்டு. வீட்டில் கட்டுகிறவன் தன் யோசனைப்படி முகப்பைக் கூராக்கிவிட முடியாது. அந்த முகப்பு மொட்டையாகவே இருக்க வேண்டும். கட்டலாம், மாற்றக் கூடாது. தளை தட்டாத வெண்பாவை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் கூடும் இந்தப் பக்கங்களில் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. வெண்பாக்காரனாவது சீரைத் தானே தேட வேண்டியிருந்தது. இங்கே சீர்களும் அறுத்துக் கட்டி வருகின்றன. இருந்தும் வடிவத்தின் ஒவ்வொரு கட்டாயத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மொட்டை முகப்பால் குறைந்த நீளத்தில் அதிக இடம் கிடைக்கிறது. பாய்மரம் குட்டையானது, மேல்பாதிக்குத் தனிக்கழியை ஏற்றிக் கட்டுவார்கள். எல்லாக் கழிகளும் படகின் நீளத்துக்குள் அடங்கி, காரின் தலையில் போக வேண்டுமல்லவா? கவிழ்ந்தால் மூழ்காதிருக்கப் படகுக்குள்ளேயே காற்றறைகள். கடற்கரையில் வீடில்லாதவன், படகை நிறுத்தி வைக்க இடமில்லாதவன், நீச்சல் சுமாராகத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் இப்படி ஒருவனை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு விதியும் எழுதப்பட்டிருக்கிறது.

தைத்த படகு நமக்குப் புதிதா என்ன? சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலை உடையும் வரிசைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி கிடையாது. உள்ளே விலாச்சட்டங்கள் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நாரை வைத்து இறுக்கி நீரை அடைப்பார்கள். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் மிர்ரரும் இதுவும் ஒரே ஜாதி. உள்ளே நேர் எதிர். மசூலாவில் தையல்தான் படகு. ஆணியடித்து விறைத்த படகு மணலில் மோதினால் பிளக்கும், இது நெளிந்துகொடுக்கும். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். மிர்ரரில் கம்பிக்கு வேலை பிசின் இறுகும் வரைதான், கட்டடத்துச் சாரம் போல. ஒன்று விறைப்புக்குப் பயந்து தைத்தது, மற்றது விறைப்பை அடைவதற்காகத் தைப்பது.

துறைமுக வேலை 1876இல் தொடங்கியது. 1881 புயல் கட்டியதை அடித்துப் போயிற்று, திரும்பக் கட்டினார்கள். கப்பல் கரையை ஒட்டி நின்றதும் மசூலாக்காரனுக்கு அங்கே வேலையில்லை. அந்தத் தையலை யாரும் வரையவில்லை என்று சொல்லவும் முடியாது. பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி உலகம் சுற்றி, ஐரோப்பியரல்லாதாரின் படகுகளை அளந்து வரைந்து 1840களில் பெரிய புத்தகமாகவே போட்டார். சோழமண்டலத்துத் தைத்த படகும் அதில் உண்டு. அது பார்த்தவன் பார்ப்பவனுக்குப் போட்ட படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அலையில் நிற்கும் படகைத் தைத்துவிட முடியாது. கயிற்றை எவ்வளவு இறுக்குவது என்பது படத்தில் இல்லை. ஹோல்டின் கோடு செய்யப்போகிறவனுக்காகப் போட்டது. கை அறிவு கைகளோடு போகும், வரைந்த அறிவு நிற்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. யாருக்காக வரைந்தது என்பதையும் கேட்க வேண்டும். தொழிலாளி படிக்கும் பத்திரிகை, 1964இல் நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பிரதிகளைத் தாண்டிய பத்திரிகை, அந்தக் கோட்டைச் சுமந்து போயிற்று. மசூலாத் தையலைச் சுமந்து போக யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

அப்படியானால் வீட்டில் கட்டியவனுக்கு மிஞ்சியது என்ன? வர்ணமும் பெயரும் மட்டும்தான் என்று கேலி செய்யலாம். ஆனால் காற்றறைக்குள் எந்த மூட்டில் பிசின் சரியாகப் பிடிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மூடிய பிறகு வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. படகு உடைந்தால் அதைச் சரிசெய்ய முடியும் என்ற எண்ணம் அவனுக்கு இயல்பாக வருகிறது. வாங்கியவனுக்கு அது வருவதில்லை. இந்த எண்ணம் கைமாறிப் போகவும் கூடும். 1997இல் மக்கினன் என்ற ஆசிரியர் தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பழைய மிர்ரர் ஒன்றில் இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்வழியில் கிளம்பினார். கால்வாய்க் கடலைத் தாண்டி, ஆறு ஆறாகப் போய், அடுத்த வருஷம் டான்யூப் முகத்தில், கருங்கடல் ஓரத்து சுலினாவில் போய் நின்றார். படகு அவர் கட்டியதல்ல. வழியில் அடிபட்ட போதெல்லாம் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார். அப்படி ஒட்டுப் போட இடம் கொடுத்ததும் அந்த எளிய பிளைவுட்தான்.

2000களில் கண்ணாடி இழையில் வார்த்த மிர்ரர்களும் வந்துவிட்டன. அவற்றில் தைக்க ஒன்றுமில்லை. பழையவற்றில் கம்பியின் வெளிமுனையை அரத்தால் ராவிவிடுவார்கள். உள்பாதி நாடாவுக்கும் பிசினுக்கும் அடியில் அப்படியே தங்கிவிடும். புதுப்பிப்பதற்காக அடிப்பக்கத்து வர்ணத்தைச் சுரண்டினால் மூட்டு நெடுகிலும் செம்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஈரம் போன இடத்தில் அவை பச்சையேறியிருக்கும்.