குவாரி எஞ்சின்களின் குட்டி வடிவங்கள்

வட வேல்ஸின் டினோர்விக், பென்ரின் ஸ்லேட் கல் குவாரிகளில், இரண்டடிக்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள தண்டவாளத்தில் ஹன்ஸ்லெட் நிறுவனத்தின் சிறிய நீராவி எஞ்சின்கள் கல் வண்டிகளை இழுத்தன. 1960களில் அந்தக் காலம் முடிந்தது. ஆர்வலர்கள் பல எஞ்சின்களை வாங்கிக் காப்பாற்றினார்கள். அவற்றின் மாதிரிகள் இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் ஓடத் தொடங்கின.

மாதிரியில் ஓர் அடிக்கு 16 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் இரண்டடிப் பாதை 32 மில்லிமீட்டர் ஆகும். பழைய ‘ஓ’ கேஜ் பொம்மை ரயிலின் அகலமும் அதுவே. அதனால் தண்டவாளத்துக்குத் தனியாக அலைய வேண்டியிருக்கவில்லை.

1980 வாக்கில் மாமோட் நிறுவனத்தின் மலிவான நீராவி எஞ்சின் கடைகளுக்கு வந்தது. அதில் சிலிண்டரே ஆடி, நீராவித் துளையைத் திறந்து மூடும். கொதிகலனுக்கு அடியில் தட்டில் எரிவில்லைகள் எரியும். காற்றடித்தால் சுடர் விலகும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இந்தக் குறைகளே பலரைப் பட்டறைக்கு இழுத்தன. தட்டை எடுத்துவிட்டு ஸ்பிரிட் அடுப்போ கேஸ் பர்னரோ பொருத்தினார்கள். பித்தளைத் தகட்டில் கூரை அடித்தார்கள். இதை மரபு மீறல் என்று சொல்ல முடியாது. குவாரிப் பட்டறைகளிலும் ஓர் எஞ்சினின் கொதிகலன் இன்னொன்றுக்கு மாறியதுண்டு.

1982இல் தொடங்கிய ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம், கேஸில் எரியும், ரேடியோவால் கட்டுப்படுத்தக்கூடிய உறுதியான எஞ்சின்களைத் தந்தது. ஓட்டும் முறை இதுதான்: கொதிகலனில் காய்ச்சி வடித்த நீர், எண்ணெய்க் குடுவையில் கெட்டியான நீராவி எண்ணெய். குடுவைக்குள் வரும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். எண்ணெய் மிதந்து சிலிண்டருக்குப் போகும். ஓட்டம் முடிந்ததும் அந்த நீரை வடித்துவிட வேண்டும்.