குணவியல்பும் குற்றமும்

குற்றவாளி பிறக்கின்றானா, ஆக்கப்படுகின்றானா என்னும் வினாவுக்கு அளவுகோல் கொண்டு விடைகாண முற்பட்டவருள் முதன்மையானவர் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்புரோசோ (1835–1909). கலாபிரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்னும் கள்வனது மண்டையோட்டின் அடிப்புறத்தே ஒரு குழிவைக் கண்ட அவர், கீழ்நிலை விலங்குகட்குரிய உறுப்பமைதி மனிதனிடத்து மீண்டும் தோன்றியதெனக் கொண்டார். 1876இல் வெளிவந்த அவரது பெருநூல் அக்கருத்தின்மேல் எழுந்ததே. பருத்த தாடையும் புடைத்த காதும் மட்டுமோ? பழிவாங்கும் வேட்கை, வீண்பெருமை, நோவுணராமை, கழிவிரக்கமின்மை ஆகிய குணங்களும் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களாயின. அம்மண்டையோடு இன்று தூரின் நகர நூதனசாலையில் உளது. லொம்புரோசோவின் எலும்புக்கூடும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளது. ஓட்டினை அடக்கஞ் செய்யத் தருமாறு வில்லெல்லாவின் ஊரார் தொடுத்த வழக்கு 2012இல் அவர்க்குச் சார்பாகவும், மேன்முறையீட்டில் 2017இல் எதிராகவும் தீர்ந்தது.

லொம்புரோசோ பல நூறு கைதிகளை அளந்தாராயினும், குற்றஞ்செய்யாதாரோடு அவர்களைச் செவ்வனே ஒப்புநோக்கினாரல்லர். அக்குறையை நிரப்பியவர் ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சாள்ஸ் கோரிங். ஏறத்தாழ 3,000 கைதிகளின் அளவுகளைப் பல்கலைக்கழக மாணாக்கர், போர்வீரர் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கெனத் தனியுடலமைப்பு யாதுமில்லையென 1913இல் நிறுவினார். ஆயினும் அவரும் அறிவுக் குறைவையே முதன்மைக் காரணமாக்கி, அதனைப் பெரிதும் பரம்பரையின்பாற் படுத்தினார். உடலை விட்டு உள்ளத்திற் புகுந்ததன்றி, பிறவி என்னும் எண்ணம் அகலவில்லை.

1964இல் உளநூலார் ஹான்ஸ் ஐசென்க் குணவியல்பையே நேராக எடுத்துக்கொண்டார். மனச்சான்று பயிற்சியால் அமைவது. புறமுக இயல்பினர் எளிதிற் பயிற்சிக்கு உட்படார். ஆதலின் அவர் குற்றத்திற் சார்வது மிகுதி என்பது அவர் கொள்கை. பின்வந்த ஆய்வுகளில் புறமுக இயல்பு முழுவதும் நிலைபெறவில்லை. முன்பின் எண்ணாது செயற்படும் கூறே உறுதியாக நின்றது.

நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972–73இற் பிறந்த ஏறத்தாழ 1,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தோர், 2011இல் தம் முடிவை வெளியிட்டனர். சிறுவயதிலே தன்னடக்கம் குறைந்தோர் 32 வயதளவிற் குற்றத்தீர்ப்புப் பெற்றிருத்தல் மிகுதி. அறிவாற்றலையும் குடும்ப நிலையையும் கணக்கிற் கொண்ட பின்னரும் இத்தொடர்பு மறையவில்லை. அப்பிள்ளைகளின் அடக்கத்தை மதிப்பிட்டோருள் ஆசிரியரும் இருந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. இத்துணைக்கும் லொம்புரோசோவே வென்றார் எனல் பொருந்தாது. மண்டையோட்டுக் குழிவு மாறாதது. டுனீடின் பிள்ளைகளுட் சிலரோ வளருங்காலையிலே அடக்கமும் வளரப்பெற்றனர். அவர்கள் தொடக்க மதிப்பீடு காட்டியதினும் நல்ல நிலையையே எய்தினர்.